பந்துல என்று எழுதப்பட்ட மாணிக்கம்

மாணிக்கம் அண்ணனைக் கொன்றது எங்கள் ரக்பி கிளப். அதற்கு ஏழு வருடம் பிடித்தது, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலை, கண்டியில் நான் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது, கம்பளையிலிருந்து அவர் மைத்துனர் போன் பண்ணினார். "சளி கட்டி மூச்சு நின்னுருச்சு" என்றார். படுக்கையில் விழுந்தவர்கள் அப்படித்தான் சாகிறார்கள்.

அண்ணன் முன்வரிசை, நான் அவருக்கு நேர் பின்னால். இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரமில், எங்கள் பாரம் முழுதும் முன்வரிசையின் கழுத்தில் இறங்கும். "நான் மூச்சு விட்ட பொறவு தள்ளுடா. நீ அவசரப்பட்டா ஒடியிறது என் கழுத்து" என்பார்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு, வெளியூர் மைதானத்தில் தமிழ்ப் பெயர் வேண்டாம் என்று கிளப் செயலாளர் அவரை அணித்தாளில் பந்துல என்று சிங்களப் பெயரில் எழுதினார். என் பெயர் அந்தோனி. சிங்களவரிலும் அந்தோனிகள் உண்டு, அது யாரையும் உறுத்தவில்லை. அடி வாங்காமல் வீடு திரும்பினால் போதும் என்று அண்ணன் சம்மதித்தார். "பந்துலன்னு பேரு வச்சும் பந்து என் கைக்கு வரல பாரு" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

கடைசி ஆட்டத்தின் இடைவேளையில் கை மரத்துவிட்டது என்றார். செயலாளர் கழுத்தில் ஐஸ் வைத்து மறுபடி அனுப்பினார். மழைச் சேற்றில் ஸ்க்ரம் சரிந்தது. நான் முந்தித் தள்ளினேனா? தெரியாது. என் தோளுக்கு முன்னால் கல்லாக இருந்த உடம்பு துணியாகத் துவண்டது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கணம்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் நடந்துதான் வந்தார், ஆனால் கைகளில் பாதிப் பலம்தான் திரும்பியிருந்தது. அவருக்கு வேலை தண்ணீர்க் குழாய் பதிப்பது. ஆட்டத்தில் பட்ட காயம் என்று கிளப் கடிதம் தந்தால், உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றுவதாக அலுவலகத்தில் சொன்னார்கள். செயலாளர் அணித்தாள்களைப் புரட்டினார். மாணிக்கம் என்று எவரும் எங்களுக்கு ஆடவில்லை என்றார். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. எனக்கு அடுத்த ஆட்டம் இருந்தது. அண்ணன் திரும்பவும் குழாய் சுமந்தார். இரண்டு வருடத்தில் கால்களும் போயின.

சாவு வீட்டுக்குச் செயலாளர் மலர்வளையத்தோடு வந்தார். அதன் நாடாவில் 'எங்கள் வீரர் மாணிக்கத்துக்கு' என்று தமிழிலேயே எழுதியிருந்தது. அண்ணி அதை இரண்டு தடவை வாசித்தார். எழுந்து அவர் முன்னால் போய் நின்றார்.

"பேரு இப்ப தெரியுதுல்ல, ஐயா. அந்தக் கடிதத்த எழுதிக் குடுங்க."

செயலாளர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.