ஸ்கொட்லாந்துக்கு ஒரு இடியப்ப உரல்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: இன்று மனைவிக்குத் தெரியாமல் கடைக்குப் போனேன். மிளகாய்த்தூள் வாங்க.

ஓகஸ்டில் ஸ்கொட்லாந்தில் ஒரு கிழமை விடுமுறை. சமையலறையோடு வாடகை வீடு. "அந்த அடுப்பை நான் தொடமாட்டன்" என்று அவள் போன மாதமே சொல்லிவிட்டாள்.

"ஒருதரும் சமைக்க வேண்டாம், வெளியில சாப்பிடுவம்" என்று நானும் வீரம் பேசினேன்.

சுற்றுலாப் புரோஷரைப் பார்த்து நாளுக்கொரு சாப்பாட்டுக் கடையாகப் பட்டியல் போட்டோம். வெள்ளிக்கிழமைதான் இடித்தது. அன்று எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. அங்கே எந்தக் கடையிலும் மீனும் சிப்ஸும்தான்.

அந்த ஒரு நாளுக்காகத்தான் ஒரேயொரு பை தூள். கூடவே புட்டுமா. கொஞ்சம் பருப்பு.

லண்டன் குட்மேய்ஸில் இருக்கும் தமிழ்க் கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒருத்தி குனிந்து நின்றாள். அவள் போட்டிருந்த குளிர்கோட்டை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். கூடையில் இரண்டு கிலோ தூள்!

"இஞ்ச என்னப்பா செய்யிறியள்?"

"நீர் என்ன செய்யிறீர்?"

அதற்குள் கடைக்காரர் உள்ளேயிருந்து கத்தினார்: "அக்கா, அண்ணைக்குத் தெரியாமக் கேட்ட இடியப்ப உரல் வந்திட்டுது!"

பஸ்ஸில் ஆளுக்கொரு பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பட்டியலைக் கிழித்தாயிற்று. ஏழு நாளும் நம்முடைய சாப்பாடுதான். அவள் இடியப்பம், நான் சம்பல்.

டயல்-அப் இன்டர்நெட்டை விட்டுப் போன் லைனைத் தரச்சொல்லி மகள் கத்துகிறாள். ஆகவே சுருக்கமாக: ஸ்கொட்லாந்தில் காலியான வீடு தெரிந்தவர்கள் இந்த மடலுக்கு உடனே பதில் போடுங்கள்.

எங்கள் இரண்டு பேரில் ஒருவரும் இன்னும் வீட்டைப் புக் பண்ணவில்லை.