டெஸ்டிங் என்று சொல்லிவிட்டேன்

மணிவண்ணன் இறந்த செய்தி வந்தபோது தலத்தெருவில் ஒரு கல்யாணப் பந்தலில் ஸ்பீக்கர் பாக்ஸ் இறக்கிக்கொண்டிருந்தேன். காலை பதினோரு மணி. அவர் மனைவி போனில் பேசினார். "நெஞ்சு வலிக்குதுன்னாருங்க. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் தாங்குனாரு." கையிலிருந்த ஒயரை எங்கே செருகுவது என்று எனக்கு மறந்துபோனது. இருபது வருஷமாக என் மைக் செட்டுகளில் அது அவர் வேலை.

காரைக்கால் சவுண்ட் சர்வீஸ்காரர்களான நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ரிப்பேருக்கு வந்த ஆம்பிளிஃபயரைப் பிரிப்பதற்கு முன் அதன் இரைச்சலைப் பதிவு செய்துகொள்ளும் ஆள் வேறு யார்? "சரி பண்ணிட்டா இந்தச் சத்தம் திரும்பக் கிடைக்காதுண்ணே" என்பார். அதனால் ஆன தாமதத்துக்கு, செட்டைக் கொடுத்த நீங்கள் திட்டியது என்னைத்தான்.

ஒரு நிச்சயதார்த்த வீட்டில் சிடி கீறல் விழுந்து ஒரே இடத்தில் திக்கியது. இவர் மாற்றாமல் தலையாட்டிக்கொண்டு நிற்கிறார்.

"மாத்துய்யா!"

"இருங்கண்ணே. தாளம் எவ்வளவு சுத்தமா விழுது பாருங்க."

"மாப்பிள்ளையோட அம்மா எந்திரிச்சு வர்றாங்க. இனிமே உன் முதுகுல விழும்."

பிறகு பிரான்சிலிருந்து லீவில் வந்த மணிவண்ணனின் மச்சான் சில சிடிக்களைக் கொடுத்தார். போட்டால் எல்லாம் திக்கின. கெட்டுப்போனவை என்று நினைத்தேன். டீக்கடையில் வைத்து மணிவண்ணன் விளக்கினார்: "வெளிநாட்டுல இசை பண்றவங்க மொதல்ல டேப்பை வெட்டி ஒட்டிப் பாத்தாங்கண்ணே. சிடி வந்ததும் வேணும்னே கீறித் திக்க வச்சாங்க. இப்ப கம்ப்யூட்டரையே தப்பு பண்ண வச்சு, அந்தத் தப்பைப் பொறுக்கி அடுக்குறாங்க. கிளிட்ச்னு பேரு."

"தப்புக்குப் பேரு வச்சா வித்துடலாமா?"

"வாங்க வேணாம்ணே. யாராவது கேட்டாப் போதும்."

அவரும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் அப்படி அடுக்க ஆரம்பித்தார். கேட்க வைக்க அவர் கண்டுபிடித்த வழி டெஸ்டிங். திருவிழாவுக்கு முந்தின மதியம் பாக்ஸ் கட்டிச் சோதிக்கும் பத்து நிமிஷம், என்ன சத்தம் வந்தாலும் ஊரில் ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். அம்பகரத்தூர் முதல் பூவம் வரை அவர் இசை அப்படித்தான் ஒலித்தது. இசை என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

பூவம் பக்கம் ஒரு கோயிலில் கேட்டார். "இன்னைக்கு ஒரு தடவை, இது பாட்டுன்னு சொல்லிப் போடலாமாண்ணே?" சரி, கேட்பவர்களிடம் அப்படியே சொல்கிறேன் என்றேன். பாதியிலேயே கமிட்டித் தலைவர் வந்துவிட்டார். "என்னங்க, செட்டு கோளாறா? வேற ஆளைப் பாக்கவா?"

அடுத்த வருஷ ஆர்டர் என் கண்முன் வந்தது. "டெஸ்டிங்தாங்க" என்றேன்.

பக்கத்திலேயே நின்ற மணிவண்ணன் சத்தத்தைக் குறைத்து நிறுத்தினார். திரும்பும்போது வேனில், "ஆறு நிமிஷம் ஓடுச்சுண்ணே" என்றார். அதன்பின் அவர் அப்படிக் கேட்கவே இல்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

போன வாரம் அதே கோயில். மணிவண்ணன் தன் இசையைப் பதிந்து வைத்திருந்த சிடி ஒன்றைப் போட்டேன். அதே தலைவர் வந்தார்.

"இன்னும் டெஸ்டிங் முடியலையா?"

"டெஸ்டிங் இல்லங்க, பாட்டு. எங்க மணிவண்ணன் பண்ணுனது."

"இதா?"

"ஆமாங்க."

"எப்ப முடியும்?"

"இன்னும் நாலு நிமிஷங்க."

முகத்தைச் சுளித்தார். ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

மணிவண்ணன் வீட்டார் கொடுத்த பதினோரு சிடிக்கள் என்னிடம் இருக்கின்றன. கேட்பவர்களுக்குப் பிரதி எடுத்துத் தருகிறேன். ஒரே நிபந்தனை. என்ன சத்தம் இது என்று யாராவது வந்து நின்றால், அவர் பெயரைச் சொல்லிவிடுங்கள்.