கப்பலில் வந்த கிளச்சுத் தட்டு

டாக்டரம்மாவின் சிவப்புக் கார் மூன்றாவது தடவை எங்கள் ஷெட்டுக்கு வந்தபோது அதை இரண்டு வண்டிமாடுகள் இழுத்து வந்தன. ராயபுரத்தில் கடற்கரைச் சாலையை ஒட்டி இருந்தது அந்த மோட்டார் ரிப்பேர் ஷெட். மீன்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடக்கிவிடுகிற பந்தயக் கார் அது. ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் டாக்டரம்மா வாங்கியது. பிரசவம் பார்க்க எண்ணூர் வரைக்கும் அதில்தான் போவார். அவர் வருவதைத் தெருக்கோடியிலேயே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

அந்த வருஷம்தான் என் கணவர் இறந்திருந்தார். ஷெட் அவருக்கும் அவர் அண்ணனுக்கும் பொதுவானது. மச்சாண்டார் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர்களிடம் மேற்பார்வை வேலையில் இருந்தார். மோட்டார் வாசனையே அவருக்கு ஆகாது. கரும காரியம் முடிந்ததுமே ஷெட்டை ஒரு நிலக்கரி வியாபாரிக்கு விட்டுவிடலாம் என்று பேச ஆரம்பித்தார். ஷெட்டின் பின்கட்டில் இருந்த இரண்டு அறைகள்தான் என் வீடு. அதைக் காலி செய்துவிட்டு அவர் வீட்டோடு வந்து இருந்து, சமையலைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை.

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்ததால் இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டி வாசிப்பேன். அதனால் என் கணவர் சாமான் அறைச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். மிஸ்திரி கேட்பதை எடுத்துக் கொடுப்பேன். வண்டிக்காரர்கள் வந்தால் அறைக்குள்ளேயே இருந்துவிடுவேன்.

மிஸ்திரி என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த ஷெட்டில் இருந்தவர். பழைய பெரிய கார்களில் கை பழகியவர். அந்தக் கார்களில் கிளச்சு கூம்பு மாதிரி இருக்கும். மேலே தோல் சுற்றியிருக்கும். தோல் காய்ந்தால் வண்டி குதிக்கும் என்று விளக்கெண்ணெய் தடவிப் பதப்படுத்துவார். போதாததற்கு எங்களுடையது கடல் காற்று. புது இரும்பு ஒரே ராத்திரியில் செம்பட்டையாகிவிடும். எந்தச் சாமான் வந்தாலும் முதலில் அதற்கு எண்ணெய்தான். விளக்கெண்ணெய் டின் வாசல் தூணருகே எப்போதும் இருக்கும்.

சிவப்புக் காரில் கூம்பு இல்லை, தட்டு இருந்தது. சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் சின்னது. இரண்டு பக்கமும் வளையமாகக் கெட்டித் துணி மாதிரி ஒன்றை ஆணியடித்துப் பதித்திருக்கும். எஞ்சின் சுற்றுவதைப் பிடித்துச் சக்கரத்துக்குக் கொடுப்பது அதுதான். அந்தப் பிடி வழுக்கினால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. தேய்ந்துபோன துணியை உரித்துவிட்டு மிஸ்திரி பெரியமேட்டுத் தோலை வெட்டிப் பதித்துக் கொடுத்தார். இரண்டு முறை கொடுத்தார். இரண்டு முறையும் பேசின் பிரிட்ஜ் மேட்டில் வண்டி பின்னால் வழுக்கியது.

மூன்றாவது தடவை டாக்டரம்மா நேராகச் சாமான் அறை வாசலுக்கே வந்துவிட்டார்.

"புளியந்தோப்புல ஒரு பொண்ணு வலியில துடிக்கறா. நான் பெட்டியத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஓடறேன். இனிமே ஒட்டு வேலை வேணாம். கம்பெனி தட்டு வாங்க முடியும்னா வண்டி இங்க நிக்கட்டும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வித்துடறேன்."

மிஸ்திரி தலையைச் சொறிந்தார். மச்சாண்டார் அவர் திண்டாட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். நான் வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

டாக்டரம்மா போன பிறகு மச்சாண்டார் சொன்னார்: "இந்தக் காரு தானா ஓடி வெளிய போச்சுன்னா ஷெட்டு உன்னோடதும்மா, நான் வாயத் தொறக்க மாட்டேன். மாடு வந்து இழுத்துகினு போச்சுன்னா கரிக்காரனுக்கு. சரிதானே?"

சரி என்றேன்.

மறுநாளே மிஸ்திரியை அழைத்துக்கொண்டு மவுண்ட் ரோட்டுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு வைத்த கடையில் குமாஸ்தா என்னைப் பார்க்காமல் மிஸ்திரியிடமே பேசினார். அந்த மாதிரி வண்டியைக் கம்பெனிக்காரன் இப்போது செய்வதில்லை, தட்டு இந்தத் தேசத்திலேயே இருக்காது என்றார். மூர் மார்க்கெட்டில் ஒருவர் அசல் கம்பெனி சாமான் என்று ஒரு தட்டை எடுத்துப் போட்டார். மிஸ்திரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் அதில் குத்தியிருந்த கம்பெனிப் பெயர் மேல் நகத்தை ஓட்டினேன். எழுத்துகள் ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலாகவும் இருந்தன. பெயிண்டுக்கு அடியில் துருக்குழி தட்டுப்பட்டது. திருப்பி வைத்துவிட்டேன். யானைக்கவுனி இரும்புக்கடைக்காரர் பழசைக் கொடுத்தால் அச்சு அசலாகக் கடைந்து தருகிறேன் என்றார். அசலாகவே வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"நீ கேக்கறது கடையில கெடைக்காதும்மா" என்றார் மிஸ்திரி, டிராமில் வரும்போது. "சீமைக்குத்தான் போவணும்."

அவர் கேலிக்குத்தான் சொன்னார். எனக்கு அதுவே வழியாகப் பட்டது.

எங்கள் தெருவில் ஒருவர் கப்பல் துபாஷிடம் வேலையில் இருந்தார். காசிமேட்டுக் கட்டுமரக் குடும்பத்துப் பிள்ளை. துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களுக்குக் காய்கறியும் கறியும் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்கள் தொழில். கப்பல்காரர்களும் ஊர்ச் சாமான் எதையாவது கேட்பார்கள். இவர்களும் சீமைச் சாமானைச் சொல்லி விடுவார்கள். ஒரு சரக்குக் கப்பலின் எஞ்சினியர் துரை அவருக்குப் பழக்கம். அவரிடம் சொல்லலாமா என்று கேட்டேன். தட்டைப் படமாக வரைந்து தருகிறேன் என்றேன்.

"படத்தக் காட்டுனா அவன் வேற ஒண்ண எட்தாந்துருவான் அக்கா. பழசக் குடு. கம்பெனி வாசல்ல இத்தக் காட்டி, இதே மாரி ஒண்ணு குடுன்னு தொர கேக்கட்டும்."

பழையதையும் அனுப்பிவிட்டால் திரும்ப மாட்டி ஓட்டவோ விற்கவோ வழியே இருக்காது. மிஸ்திரி அதைத்தான் சொன்னார்: "கப்பல் முழுகிச்சுன்னா? தொர மறந்துட்டாருன்னா? கெடக்கறத்தயும் கடல்ல போடறேன்ற."

தட்டிலிருந்த தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, கோணியில் சுற்றித் தைத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பணத்துக்கு டாக்டரம்மா பொறுப்பேற்றுக்கொண்டார். அவர் அதற்குப் பிறகு ஜட்காவில் போக ஆரம்பித்தார்.

மழைக்காலம் முழுவதும் கார் ஷெட்டின் நடுவில் நின்றது. மற்ற வண்டிகளை அதைச் சுற்றித்தான் உள்ளே விட வேண்டியிருந்தது. ஒரு நாள் கரி வியாபாரி வந்து முழக்கயிற்றால் இடத்தை அளந்தார். காரைச் சுற்றி வந்து, கூரையைத் தட்டிப் பார்த்து, "கோழி அடைக்கலாம்" என்றார். மச்சாண்டாருக்கு ரொம்ப நேரம் சிரிப்பு அடங்கவில்லை. நான் தினமும் காலையில் அந்தக் காரைத் துடைத்தேன். ஓடப்போகிற வண்டி தூசியோடு நிற்கக்கூடாது என்பது என் எண்ணம்.

பொங்கல் கழிந்து கப்பல் திரும்பியது. துரை மறக்கவில்லை. சுங்க ஆபீசில் நானே வரிசையில் நின்று தீர்வை கட்டிச் சாமானை வாங்கினேன். தகர டப்பா, உள்ளே மெழுகுக் காகிதம், அதற்குள் தட்டு. சாம்பல் நிறத் துணி இரண்டு பக்கமும் இழை தெரிய, செப்பு ஆணிகளோடு இருந்தது. நடு வட்டத்தில் கம்பெனி முத்திரை. அதன் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். எல்லா எழுத்தும் ஒரே ஆழம்.

ஷெட்டுக்கு வந்து மிஸ்திரி கையில் கொடுத்துவிட்டுக் கால் கழுவப் பின்கட்டுக்குப் போனேன். விளக்கேற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது தட்டு தூணில் மாட்டியிருந்தது. பளபளவென்று மின்னியது. மிஸ்திரி விளக்கெண்ணெய் டின்னை மூடிக்கொண்டிருந்தார்.

"கடல்ல வந்த சாமான். உப்பு புட்சிரும்ல. இன்னாமா குடிக்குது பாரு எண்ணெய."

அதில் தப்பு இருப்பதாக எனக்கும் அப்போது தெரியாது. துபாஷ் ஆள் கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க வந்தார். தட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எண்ணெ பூசிட்டியா. அத்த சொல்லத்தான் ஓடியாந்தேன். எண்ணெ ஒரு சொட்டு படக்கூடாதாம். வெரல் கூட துணி மேல படக்கூடாதுன்னு தொர சொல்லி அனுப்பிச்சாரு. எண்ணெ பட்டா பிடிக்காதாம், வழுக்குமாம்."

மிஸ்திரி தட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப முன்ன போட்ட தோலுக்கும் நான்தானே எண்ணெ போட்டேன். ரெண்டு வாட்டியும் மேட்டுல நான்தான் வழுக்க வெச்சனா?"

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் பெட்ரோலில் ஊறப்போட்டுக் கழுவினோம். மேலே காய்ந்தது. வெயிலில் வைத்தால் உள்ளேயிருந்து மறுபடி எண்ணெய் கசிந்தது. நெருப்பைப் பீய்ச்சுகிற ஊதுவிளக்கைக் காட்டி எண்ணெயை எரித்துவிடலாம் என்றார் மிஸ்திரி. துணி கருகினால் இன்னொன்றுக்கு எங்கே போவது? நெருப்பு வேண்டாம் என்று நான் சொன்ன வேகத்தில் அவர் விளக்கைக் கீழே வைத்துவிட்டார். ஷெட்டு ஆட்களின் சட்டை மூட்டை மூலையில் கிடந்தது. வாரா வாரம் எண்ணெயில் தோய்ந்து போகிற அந்தச் சட்டைகள் காலடிப்பேட்டை வண்ணாரிடமிருந்து சுத்தமாகத் திரும்பி வரும். இதுவும் துணிதானே என்று தோன்றியது. தட்டைத் தூக்கிக்கொண்டு ஜட்கா ஏறினேன்.

வண்ணார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இரும்புக்கே வெள்ளாவி வெக்க வந்துட்டியாம்மா? கஞ்சி போடணுமா, வோணாமா?"

அவர் மனைவி அவரை அடக்கிவிட்டு என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: "சாயம் போவுமா?"

போகாது என்றேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

உவர்மண்ணைக் குழைத்துத் துணியின் மேல் கனமாக அப்பி, வெள்ளாவிப் பானையின் மேல் ஆவி படும்படி அவள் வைத்தாள். எடுத்தபோது வெள்ளை மண் பழுப்பாகியிருந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் புது மண் அப்பினாள். அதுவும் பழுப்பானது. நான் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மண் அப்பியபடியே வெள்ளையாக இருந்த அன்றைக்குத்தான் எடுத்தேன். வெயிலில் நன்றாகக் காய வைத்து, சூட்டோடு ஒரு வெள்ளைத் துணியை அதன் மேல் அழுத்திப் பார்த்தேன். கறை இல்லை.

மாட்டுகிற அன்று மிஸ்திரி சீயக்காய் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தார். தட்டை ஓரத்தில் மட்டும் கந்தல் சுற்றிப் பிடித்தார்.

டாக்டரம்மா வந்து எஞ்சினைக் கிளப்பினார். பக்கத்து இருக்கையில் என்னை உட்காரச் சொன்னார். தெரு முழுக்கப் பார்க்கிறதே என்று கூச்சமாக இருந்தது. ஏறிக்கொண்டேன். வண்டி வழுக்கினால் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கக் கட்டையோடு மிஸ்திரி முன்னாடியே மேட்டுக்குப் போயிருந்தார்.

பேசின் பிரிட்ஜ் மேட்டில் கார் சீராக ஏறியது. பாதி மேட்டுக்கு வந்தும் எனக்குத் திருப்தி இல்லை. ஓட்டத்தில் ஏறுவது பெரிதில்லை. நின்று கிளம்பும்போதுதானே முன்பு வழுக்கியது.

"இங்கேயே நிறுத்துங்க" என்றேன்.

"நடு மேட்டுலயா?"

"ஆமாம். நிறுத்திட்டு எடுங்க."

அவர் நிறுத்தினார். பின்னால் வந்த கட்டைவண்டிக்காரருக்குக் காரை அடையாளம் தெரிந்துவிட்டது. "யம்மா, மறுபடியும் எம்மாட்டு மேலயே வுடப் போறியா?" என்று கேட்டு மாட்டைப் பின்னுக்கு இழுத்தார். மிஸ்திரி கட்டையோடு சக்கரத்தருகே குனிந்தார். டாக்டரம்மா கிளச்சிலிருந்து மெல்லக் காலை எடுத்தார். எஞ்சின் சத்தம் தாழ்ந்தது. வண்டி ஒரு விரற்கடை கூடப் பின்னால் போகாமல் மேலே கிளம்பியது. மிஸ்திரி கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உச்சி வரைக்கும் எங்களுக்குப் பின்னால் ஓடிவந்தார்.

ஷெட்டுக்குத் திரும்பியபோது மச்சாண்டாரும் கரி வியாபாரியும் வாசலில் இருந்தார்கள். நான் இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, கரியை வேற எங்கேயாவது கொட்டிக்கச் சொல்லுங்க."

அவர் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு வாட்டி வெளிய வுட்டு உள்ள எடுக்கச் சொல்லு, பாப்போம்."

டாக்டரம்மா வெளியே விட்டார், உள்ளே எடுத்தார். பிறகு மறுபடி வெளியே விட்டு, எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, திருவொற்றியூர் பக்கம் போய்விட்டார். மச்சாண்டார் கரி வியாபாரியின் தோளில் கைபோட்டு, "வா, காப்பி சாப்புட்டுகினு பேசலாம்" என்று அழைத்துக்கொண்டு போனார். ஷெட்டைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் வாசல் தூணருகே விளக்கெண்ணெய் டின் இல்லை. மிஸ்திரி அதைக் கொண்டுவந்து சாமான் அறையில் நான் உட்காரும் பலகைக்கு அடியில் வைத்திருந்தார். எந்த வண்டிக்கு, எந்தச் சாமானுக்கு என்று என்னிடம் சொல்லித்தான் இன்றைக்கும் அதைக் கேட்டு வாங்குகிறார்.