எக்ஸ்ட்ரா இல்லாத படிக்கட்டு

அப்பா போர்ட் பிளேயரில் காண்ட்ராக்டர். மெயின்லேண்டிலிருந்து எந்த இரும்புச் சாமானை வரவழைத்தாலும், “ஒரு சாண் எக்ஸ்ட்ரா வச்சே அனுப்புங்க” என்பார். கூடினால் இங்கே வெட்டிக்கொள்ளலாம். குறைந்தால் அடுத்த கப்பலுக்குத் தவம் கிடக்க வேண்டும். தீவில் தொழில் செய்கிற எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம் அது.

எங்கள் ஊரிலேயே டாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூடம் கட்டும் வேலை எங்களுக்குக் கிடைத்தபோது நான் அந்தப் பழக்கத்தில் கை வைத்தேன். சுவர், பைப், வயர், படிக்கட்டு என்று முழுக் கட்டடத்தையும் முதலில் கம்ப்யூட்டரில் மாடலாகக் கட்டினேன். எங்கள் வங்காளி மேஸ்திரியும், இரும்புப் படிக்கட்டு செய்யும் சென்னைப் பட்டறையும் அதே மாடலைத்தான் போனில் பார்த்தார்கள். படிக்கட்டைச் சரியான அளவில், போல்ட் துளையோடு அங்கேயே செய்து அனுப்பச் சொன்னேன்.

“பொருந்தலன்னா, ஸ்கூல் தொறக்குற அன்னைக்குப் புள்ளைங்க ஏணியிலயா ஏறும்?” என்றார் அப்பா.

“பொருந்தும்ப்பா.”



மாடித் தளம் போட்டு முடித்ததும் மேஸ்திரி கூப்பிட்டார். “மேடம், ஸ்லாப் தோடா ஊப்பர் ஹோ கயா.” தளம் முக்கால் இஞ்ச் உயர்ந்துவிட்டதாம். முன்பெல்லாம் இதைப் பூச்சில் மறைத்துவிட்டு வாயே திறக்க மாட்டார். இந்த முறை, படிக்கட்டு அங்கே வந்து உட்கார வேண்டும் என்பதை மாடலில் அவரே பார்த்திருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை, அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. உடனே மாடலில் உயரத்தை மாற்றினேன். பட்டறை இன்னும் இரும்பை வெட்டியிருக்கவில்லை. புது அளவிலேயே வெட்டினார்கள்.

கப்பல் வந்தது. படிக்கட்டு சைட்டுக்கு வந்த அன்று அப்பாவும் வந்தார். அவர் ஜீப்பின் பின்னால் தார்ப்பாய்க்குள் இரும்பை வெட்டும் ஒரு கேஸ் கட்டர்.

“இது எதுக்கு?”

“சும்மா கெடக்கட்டும்மா.”

எனக்குச் சுருக்கென்றது. கிரேன்காரருக்குக் கை காட்டினேன். படிக்கட்டு மெல்ல இறங்கித் தளத்தோடு உட்கார்ந்தது. மேஸ்திரி போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே திருகினார். ஒன்றுகூட அடம் பிடிக்கவில்லை. “ஏக்தம் ஃபிட்!” என்று மேலேயிருந்து கத்தினார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா ஏறினார், இறங்கினார், மறுபடியும் ஏறினார். பிறகு அங்கே நின்றபடியே சென்னைப் பட்டறைக்குப் போன் போட்டார்.

“அடுத்து குட்வில் எஸ்டேட்ல நாங்க கட்டுற சைட்டுக்கும் ஒரு படிக்கட்டு வேணும். எக்ஸ்ட்ராவெல்லாம் வேணாம். என் பொண்ணு அனுப்புற அளவே போதும்.”