கனத்தால் சிறுத்த விண்மீன்

1977இல் ராஸ் அல் கைமா சிமெண்ட் ஆலைக் குடியிருப்புக்கு வந்தபோது, ஜலஜாவின் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஓர் எஃகு ஸ்கேலும் பூதக்கண்ணாடியும் இருந்தன. கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் தமிழ்நாட்டு வானாய்வகம் ஒன்றில் விண்மீன் ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறமாலைகளை அளந்தவள் அவள். கணவர் சேதுராமன் ஆலையில் இன்ஜினியர். அவர் டியூட்டிக்குப் போனதும் சாப்பாட்டு மேசையில் படிந்த சிமெண்ட் தூசியைத் துடைப்பாள். பத்து மணிக்கெல்லாம் மறுபடி படிந்துவிடும்.

மறு வருடம், வானாய்வகத்தில் கூட வேலை பார்த்த நாகவள்ளி ஒரு வரைபடச் சுருளை அனுப்பினாள். எரிந்து ஓய்ந்த ஒரு வெண்குள்ள விண்மீனின் நிறமாலை. ‘ஹைட்ரஜன் கோடுகள் ரொம்ப அகலமாக இருக்கின்றன. கருவிக் கோளாறு என்கிறார்கள். உன் கண்ணுக்கு என்ன படுகிறது?’

விண்மீனின் ஈர்ப்பு கூடக்கூட அந்தக் கோடுகள் விரியும். அகலத்திலிருந்து எடையைக் கணக்கிடலாம். மூன்று காலைகள் அளந்தாள். சூரியனைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வந்தது. ஒன்று புள்ளி நான்கைத் தாண்டினால் வெண்குள்ளனால் நிற்கவே முடியாது, நொறுங்கிவிடும்.

“தப்பா வருதுன்னு எழுதிப் போட்டுடேன்,” என்றார் சேதுராமன்.

“எங்கே தப்புன்னு தெரியாம எப்படிங்க எழுதறது?”

நான்காம் நாள் தெரிந்தது. நிறமாலையின் நீல முனையில் கலந்து கிடந்த இரண்டு கோடுகளை ஒன்றென்று அளந்திருந்தாள். பிரித்து அளந்ததும் ஒன்று புள்ளி இரண்டு. அப்போதும் சாதாரண வெண்குள்ளனைப்போல் இரண்டு மடங்கு.

“அவ்வளவு கனம்னா பெரிசா இருக்குமோ?”

“இல்லைங்க. இந்த வகை, கனக்கக் கனக்கச் சிறுத்துடும். இது பூமியைவிடச் சின்னது.”

‘கருவியில் கோளாறில்லை. சிறியதென்றால் மங்கலாகவும் இருக்க வேண்டும். தூரம் கிடைத்தால் அதன் உண்மையான ஒளியைக் கணக்கிட்டுச் சரிபாருங்கள்’ என்று எழுதிப்போட்டாள்.

பதினான்கு மாதம் பதில் இல்லை. ஊர்த் தபால் வந்தால் சேதுராமன் ஆபீஸிலிருந்து போன் செய்வார். பெரும்பாலும் அது மாமியாரின் கடிதமாக இருக்கும்.

கடைசியில் நாகவள்ளி எழுதினாள். வெளிநாட்டு வானாய்வகம் ஒன்று பல வருடமாக எடுத்துவந்த படங்களிலிருந்து தூரம் கிடைத்துவிட்டது. அதே வெப்பமுள்ள சாதாரண வெண்குள்ளனின் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குதான் இதற்கு. அந்த வழியில் கணக்கிட்டாலும் எடை ஒன்று புள்ளி இரண்டு. ‘கட்டுரையில் உன் பெயரும் வருகிறது. பெயருக்குக் கீழே விலாசம் என்ன போட?’

ஜலஜா நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

“கம்பெனி தபால் பெட்டி நம்பரைக் கொடு,” என்றார் சேதுராமன்.

“சிமெண்டுக்கும் நட்சத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்க மாட்டாங்களா?”

“கேட்கட்டுமே.”

அன்றைக்கே எழுதி அனுப்பினாள். அளக்க இன்னும் ஏதாவது இருந்தால் அனுப்பச் சொல்லி அடியில் ஒரு வரியும் சேர்த்தாள்.