நாலு விரல் இடைவெளி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கார்மேகம் பொய் சொல்கிற ஆள் இல்லை. முசஃபா கராஜில் பதினோரு வருஷமாக என் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவன். போன ஜனவரியில் அவனுக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு அரபியின் கேரவன் வண்டி, ஹீட்டர் ரிப்பேருக்கு வந்திருந்தது. கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. வேலை முடிந்ததும், "ஒரு ராத்திரி பாலைவனத்தில் நிறுத்தி ஹீட்டரை ஓடவிட்டுப் பார்" என்று அரபியே சொல்லிவிட்டார். கார்மேகத்தின் மனைவி வடிவு விசிட் விசாவில் வந்திருந்த நேரம். அவளையும் கூட்டிக்கொண்டு அல் வத்பா தாண்டிப் போனான். சுற்றிலும் மணல். ஒரு விளக்கு வெளிச்சம்கூட இல்லை.

சரியாக 11.20. ஹீட்டர் நின்றுவிட்டது. வெளியே எட்டு டிகிரி.

"நல்ல மெக்கானிக்குய்யா எம்புருசன்!" வடிவு போர்வைக்குள்ளிருந்து சிரித்தாள். "கோழி சுட்ட கரியவாச்சும் உள்ள கொண்டாங்க மாமா. பல்லு கிட்டிக்கிட்டு வருது."

"கரி ஆளையே முடிச்சிரும் புள்ள."

"கொஞ்ச நேரந்தான்..."

அவள் நடுங்குவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. கரிச்சட்டியை உள்ளே வைத்தான். ஆனால் புகை போக, கூரை ஜன்னலை நாலு விரல் அளவு திறந்துவைத்தான். கைப்பிடியைச் சுற்றினால்தான் அது திறக்கும், மூடும். காற்றுக்கெல்லாம் அசையாது.

வடிவு பின்கட்டிலில் தூங்கிப்போனாள். இவன் கரியைப் பார்த்தபடி முன்னால் டிரைவர் சீட்டில் சாய்ந்தான்.

12.45. கிர்ர்... கிர்ர்...

விழித்துப் பார்த்தான். கூரை ஜன்னல் மூடியிருந்தது.

"ஏன் புள்ள மூடுன?"

"நான் எங்க எந்திரிச்சேன்..." குரல் குழறியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டு மறுபடி திறந்தான்.

1.30. கிர்ர்...

மூடியிருந்தது. இந்தத் தடவை கொக்கியும் மாட்டியிருந்தது.

திறந்தான். போதும், கரியை வெளியே தூக்கிப் போட்டுவிடலாம் என்று திரும்பினான். தலை சுற்றியது. கால் நிற்கவில்லை. அப்படியே தரையில் விழுந்தான்.

அவன் கண் முன்னாலேயே... கைப்பிடி சுற்றியது.

பக்கத்தில் யாருமில்லை.

விட்டு விட்டு... குளிரில் விறைத்த கை சுற்றுவது போல...

"வடிவு!"

போர்வை அசையவில்லை.

தவழ்ந்தே போனான். கதவை உதைத்துத் திறந்தான். அவளை மணலுக்கு இழுத்துப் போட்டான்.

மூச்சு இல்லை.

கன்னத்தில் அறைந்தான். மறுபடி அறைந்தான்.

இருமினாள்.

பின்னால்... டப்.

வண்டிக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

நல்லவேளை, போன் பாக்கெட்டில் இருந்தது. அரபியின் டிரைவர் ஜெய்னுலாப்தீனைக் கூப்பிட்டான். 3.05க்கு வந்து இருவரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வாசலில் மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, கரிய உள்ள வச்சீங்களா? போன குளிர்ல அரபி வீட்டுல வேல பாத்த பொண்ணும் இந்த வண்டிக்குள்ள இப்படித்தான் வச்சிச்சு. குளிர் தாங்காம எல்லாத்தையும் இறுக்கிப் பூட்டிட்டுப் படுத்துருச்சு. காலைல கதவ ஒடச்சது நாந்தான். அப்பவே மவுத்தாயிருந்துச்சு."

வடிவு பிழைத்துக்கொண்டாள். மூணாம் நாள் ரூமுக்கு வந்ததும் கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க எங்க மாமா படுத்திருந்தீங்க?"

"முன் சீட்டுலதான். ஏன்?"

அவள் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அப்ப... என் முதுகோட ஒட்டிப் படுத்து, நடுங்கிக்கிட்டே கெடந்தது யாரு?"