ஜீப்புக்குப் பெரிய டயர்

எலக்ட்ரீஷியனுக்குக் கை சும்மா இருக்காது. நன்றாக ஓடுகிற எதைப் பார்த்தாலும் அவருக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்றிருக்கும். போன வருடம் வீட்டு மிக்ஸி அப்படித்தான் உயிரை விட்டது. இந்த வருடம் ஜீப்பின் முறை.

“சஸ்பென்ஷன ஏத்தி வண்டிய உசத்தாம இவ்ளோ பெரிய டயர் போட்டா பாடில உரசும் சார்,” என்றார் டயர் கடைக்காரர். எலக்ட்ரீஷியன் காதில் வாங்கினால்தானே? மாட்டிய கையோடு கடை வாசலிலேயே ஸ்டியரிங்கை இடமும் வலமும் கடைசிவரை ஒடித்துக் காட்டினார். எங்கும் உரசவில்லை. கடைக்காரர் பில்லை எழுதி நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி, மாமியார், இரண்டு மகள்கள் என்று வண்டி நிறைய ஆட்களோடு மச்சினி வீட்டுக்குக் கிளம்பினார். பாரத்தில் வண்டி அமுங்கியதால் முதல் திருப்பத்திலேயே ‘கர்ர்ர்’ என்றது. இறங்கி, சக்கரத்துக்கு மேலிருந்த பிளாஸ்டிக் மறைப்பைக் கத்தியால் கொஞ்சம் அறுத்தார். அடுத்த திருப்பத்திலும் ‘கர்ர்ர்’. இன்னும் கொஞ்சம் அறுத்தார். ரப்பர் கருகும் வாடை தாங்காமல் மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“எல்லாரும் கொஞ்சம் எறங்குங்க. ஒரு சுத்து போய்ப் பாத்துட்டு வரேன்.”

நால்வரையும் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு ஒரு வட்டம் அடித்தார். சத்தமே இல்லை. பூரித்துப்போய்த் திரும்பி வந்தபோது அவர்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“ஏய், சரியாயிடுச்சு! இப்ப உரசவே இல்ல!” என்று கத்தினார்.

கடைசியாக ஏறிய மனைவி படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“எப்படி உரசும்? அதான் நாங்க எறங்கிட்டோமே.”